சாயக்கழிவுநீர் ஆர்.ஓ. பிளான்ட்: நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தவை

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு ஆர்.ஓ.வும் (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிப்பது) எவாப்பரேட்டரும் (மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்குவது) இல்லாமல் இங்கே சாயம் போட முடியாது என்றாகிவிட்டது. புதிதாகப் பிளான்ட் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, "மெம்பிரேன் எந்தக் கம்பெனி?" என்றுதான். கம்பெனி பெரிய விஷயமே இல்லை. மெம்பிரேன் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அதற்கு முன்னால் நிற்கும் தொட்டிகளே முடிவு செய்கின்றன.

துணிக்குச் சாயம் போடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினிலிருந்து வரும் தண்ணீர் சூடாக இருக்கும், பி.எச். 10-ஐத் தாண்டும். சேகரிப்புத் தொட்டியில் ஒரு நாள் தண்ணீராவது பிடிக்க வேண்டும். இடம் இல்லை என்று குறைத்துக் கட்டினால் பின்னால் எதுவும் நிலையாக ஓடாது. காற்றூட்டும் தொட்டிக்குப் போகும்போது 38 டிகிரிக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் அழுக்கைத் தின்னும் பாக்டீரியா தளர்ந்துவிடும். சாயத் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாது. பி.ஓ.டி. (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கின் அளவு) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில் யூரியாவும் டி.ஏ.பி.யும் போட வேண்டும். தினமும் காலையில் அந்தத் தொட்டித் தண்ணீரை 1 லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் படிய விட்டுப் பாருங்கள். 300–400 மி.லி.யில் ஸ்லட்ஜ் (பாக்டீரியாச் சேறு) நின்று மேலே தெளிந்திருந்தால் கவலையில்லை.

பி.எச். குறைக்க எந்த ஆசிட் என்பதைப் பலர் விலை பார்த்து முடிவு செய்கிறார்கள். பட்டறையில் சாயத்தோடு குளோபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) ஓடினால் சல்ஃப்யூரிக் ஆசிட்தான். ஹைட்ரோகுளோரிக் போட்டால் குளோரைடு கலந்து, கடைசியில் விற்கவும் முடியாத, திரும்பப் பயன்படுத்தவும் முடியாத கலப்பு உப்புதான் மிஞ்சும்.

நிறம் எடுக்க ஹைப்போ (குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட்) போடும் இடங்களில்தான் மெம்பிரேன் அதிகம் போகிறது. பாலிஅமைடு மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகவே ஆகாது. குளோரினை முறிக்கும் பைசல்ஃபைட் டோசிங்கோடு, மிச்சக் குளோரினைக் காட்டிக்கொடுக்கும் ஓ.ஆர்.பி. மீட்டரும் வைத்து, அளவு ஏறினால் ஹைபிரஷர் பம்ப் தானாக நிற்கும்படி செய்துவிடுங்கள். பெர்மியேட் (மெம்பிரேனைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர்) திடீரென்று கூடினால் சந்தோஷப்படாமல் உடனே அதன் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் மெம்பிரேன் அரிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். எந்தக் கழுவலும் அதை மீட்காது.

இன்னொன்று, கிளாரிஃபையரில் (தெளிய விடும் தொட்டி) அழுக்கைத் திரட்டப் போடும் கேட்டயானிக் பாலிமர் கை தாராளமாகப் போனால், மிச்சம் ஆன்டிஸ்கேலன்டோடு (மெம்பிரேனில் உப்புப் படியாமல் தடுக்கும் மருந்து) சேர்ந்து பிசின் மாதிரி திரளும். மெம்பிரேனுக்கு முன்னால் உள்ள கார்ட்ரிட்ஜ் ஃபில்டரைக் கழற்றி விரலால் தடவினாலே தெரியும். வழவழவென்று ஒட்டினால் டோஸைக் குறையுங்கள்.

அழுத்தமும் வெப்பமும் சரிக்கட்டிப் பார்த்த பெர்மியேட் 10–15 சதவீதம் குறைந்ததுமே மெம்பிரேனைக் கழுவ வேண்டும். ஆர்டர் அவசரம் என்று தள்ளிப்போட்டால் படிவு இறுகிவிடும். சாயத் தண்ணீருக்கு முதலில் காரம், பி.எச். 11.5 அளவில், 35 டிகிரிக்குள்; பிறகு 2 சதவீத சிட்ரிக் ஆசிட். ஆசிட்டை முதலில் விட்டால் கரிமப் படிவு இன்னும் கெட்டியாகும்.

தண்ணீரில் 90 சதவீதம் மீட்டால் ரிஜெக்ட் (மெம்பிரேனைத் தாண்டாமல் மிஞ்சும் உப்புத் தண்ணீர்) ஏறக்குறைய பத்து மடங்கு செறிவாகும்: லிட்டருக்கு 6,000 மி.கி. உப்பு உள்ளே போனால் 60,000 வெளியே வரும். இந்த உப்புத் தண்ணீரை அப்படியே எவாப்பரேட்டருக்கு அனுப்பி ஆவியாக்குவது வீண் செலவு. நிறமும் கடினத்தன்மையும் எடுத்துவிட்டால் அடுத்த சாய பாத்துக்கே (சாயம் கரைத்த தண்ணீர்) போடலாம். டையிங் மாஸ்டர்கள் இதற்குத் தயங்குவதில் நியாயம் உண்டு. சோடா ஆஷிலிருந்து வந்த பைகார்பனேட் அதில் இருக்கும். மீட்டரில் பி.எச். 7 காட்டினாலும், 60 டிகிரிக்குச் சூடானதும் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து பி.எச். ஏறும்; காரம் போடுவதற்கு முன்பே சாயம் பிடித்துத் துணி திட்டுத்திட்டாக வரும். ஆசிட் விட்டு 4.5-க்கு இறக்கி, காற்றடித்து வாயுவை வெளியேற்றி, பிறகு காஸ்டிக்கால் 6.5-க்குக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை தீரும்.

மிச்ச ரிஜெக்டைக் குளிரூட்டினால் குளோபர் உப்பு படிகமாக விழும். அதன் எடையில் 56 சதவீதம் தண்ணீர் என்பதை ஸ்டோரில் மறந்துவிடுகிறார்கள். 1 கிலோ நீரற்ற உப்புக்குப் பதில் இதில் 2.27 கிலோ போட வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் ஈரம் சரியாக வடியவில்லை என்றால் இன்னும் கூடுதல். மூட்டை எண்ணிப் போடாமல் ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி பார்த்துப் போட்டால் ஷேடு மாறாது.