மார்கழித் தனிமைக்கு ஒரு பிளாஸ்க்: ஒரு மாத உபயோகத்திற்குப் பிறகு

மதுரையில் குளிர்காலம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும் வெப்பநிலைக்கே நாங்கள் மஃப்ளரைத் தேடுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் என்னைப் போல் கூட்டத்தில் சீக்கிரம் களைத்துவிடுகிறவர்களுக்கு மார்கழி தரும் பெரிய சலுகை குளிர் அன்று. அந்த மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்பதே. கார்த்திகை முடியும்வரை மண்டபம் மண்டபமாக மொய் எழுதி, அடுத்த பந்திக்கு நாற்காலியின் பின்னால் காத்து நின்று, பெயர் நினைவுக்கு வராத உறவினரிடம் பிள்ளைகளின் படிப்பை விசாரித்து முடித்தவனுக்கு, மார்கழி பிறந்ததும் பத்திரிகை வைக்க யாரும் வராத ஏறத்தாழ முப்பது நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களை வெளியில், தனியாக, சூடான ஒரு பானத்தோடு கழிப்பதற்காகவே விளக்குத்தூண் பக்கத்துப் பாத்திரக் கடை ஒன்றில் 750 மில்லி கொள்ளும் எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன்.

டீக்கடை இருக்கும்போது பிளாஸ்க் எதற்கு என்று கேட்கலாம். டீக்கடையில் தேநீர் மட்டும் கிடைப்பதில்லை. "ஒத்தையில உக்காந்திருக்கீங்களே தம்பி, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்ற அக்கறையும் சேர்ந்தே கிடைக்கும். கேட்பவர் நல்லவர்தான், ஆனால் பிரச்சினை எதுவும் இல்லை என்று அவரை நம்பவைப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. 1921-இல் உளவியலாளர் கார்ல் யுங், தனக்குள் திரும்பும் அகமுகம், வெளியுலகை நாடும் புறமுகம் என்று மனித இயல்பைப் பிரித்து எழுதி நூறாண்டுகள் கடந்தும், தனியே இருப்பவருக்கு ஏதோ குறை இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் தெருவில் இன்னும் அசையவில்லை.

இனிப் பொருளைப் பற்றி. இரட்டைச் சுவர், இரண்டுக்கும் இடையே காற்று நீக்கிய வெற்றிடம் என்ற அமைப்பு 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, குளிர்வித்துத் திரவமாக்கிய வாயுக்களைப் பாதுகாப்பதற்காகச் செய்தது. நம் சுக்குக் காப்பிக்கும் அதுவே உதவுகிறது. சுவர் வழியாக வெப்பம் எளிதில் கடந்துபோக முடியாததால், பெரும்பகுதி இழப்பு வாய்ப்பக்கமாகவே நிகழ்கிறது. ஆகவே வாய் குறுகலாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பெட்டியில் 24 மணி நேரம் சூடு நிற்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில், கொதிக்கும் வெந்நீரை ஐந்து நிமிடம் ஊற்றிவைத்துக் கொட்டிவிட்டு, பின்னர் பானத்தைக் கழுத்துவரை நிரப்பினால், காலை ஐந்து மணிக்கு ஊற்றியது பத்து மணிக்கு உதட்டைச் சுடுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு இதமாக இருக்கிறது. மாலையில் வெதுவெதுப்பு மட்டுமே. பாதி நிரப்பினால் இந்தக் கணக்கு முழுவதும் தவறிப்போகும்.

எதை ஊற்றுவது என்பது இன்னும் முக்கியம். முதல் வாரம் பால் தேநீர் எடுத்துச் சென்றேன். மூன்று மணி நேரத்தில் அது வெந்த வாடை அடித்து, கசந்து, குடிக்க முடியாததாகிவிட்டது. வெதுவெதுப்பில் பால் நெடுநேரம் இருப்பது உடம்புக்கும் நல்லதன்று. அதன்பின் சுக்கு, மல்லி, மிளகு இடித்துப் போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்து எடுத்துச் செல்கிறேன். கடைசிக் குவளைதான் சாறு இறங்கி நன்றாக இருக்கிறது.

இதோடு நான் அதிகம் சென்ற இடம் கீழக்குயில்குடி சமணமலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குச் சென்றால், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தும் தெரியும். வார நாள் காலையில் அங்கே நான் பார்த்தவை ஓரிரு ஆடுகள் மட்டுமே. மூடியே குவளை, அதில் ஊற்றியதும் எழுந்த ஆவி என் மூக்குக் கண்ணாடியை மறைத்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டபோது, ஆயிரம் ஆண்டுகளாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களின் எதிரே நான் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததைப் பெருமையாக எண்ணியது வெட்கமாக இருந்தது. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் சில நாட்கள் சென்றேன். புத்தகங்களுக்கு நடுவே பிளாஸ்கைத் திறப்பது முறையன்று என்பதால், வெளியே வந்தே குடித்தேன். மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று வெளிவீதிகளில் மீனாட்சியின் சப்பரத்தைப் பெண்கள் இழுத்துவரும் கூட்டத்தில் மட்டும் பிளாஸ்க் பையிலேயே இருந்தது. அன்று தனிமையை நாடுவது வீண்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூடியின் நடுவில் உள்ள அழுத்துபொத்தான் பார்க்க வசதியாகத் தோன்றும். ஆனால் அதன் அடியில் இருக்கும் சிறு துளைகளில் சுக்குத்தூள் சென்று அடைத்துக்கொள்கிறது. பொத்தான் முழுதாக மூடாமல் நின்றுவிடுகிறது. ஒருநாள் வண்டியின் பக்கப்பையில் பிளாஸ்கைப் படுக்கவைத்து ஓட்டிச் சென்றதில், பாதிப் பானம் ஒழுகி, உடன் வைத்திருந்த புத்தகத்தின் நாற்பது பக்கங்கள் கருப்பட்டி நிறமாயின. மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டும். நிமிர்த்தியே வைக்க வேண்டும். ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ முடிகிறது என்பது ஆறுதல், ஆனால் மாற்று வளையம் கடையில் இல்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பொத்தான் இல்லாத, சாதாரணத் திருகு அடைப்பு உள்ளதையே பரிந்துரைப்பேன். மற்றொன்று: அதிகாலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கியில் தொடங்கும் திருப்பாவைக்கு இந்தப் பிளாஸ்கில் தீர்வு இல்லை.

தனியாக வெளியே செல்கிறவர்களுக்கு 750 மில்லி சற்று அதிகம். 500 மில்லி போதும். இருப்பினும் பெரியதை வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று வீடு உறவினர்களால் நிறைந்தபோது, குழந்தைக்கு வெந்நீர் வைக்க வேண்டும் என்று அக்கா பிளாஸ்கை எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போகும்போது அவருடைய பையிலேயே அது போய்விட்டது. எத்தனை முறை சமையல் சோடா போட்டுக் கழுவியும் வெந்நீரில் சுக்கு மணக்கிறது என்று நேற்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார்.