ஐபிவி6-ஐ மூடுவதா, ஐபிவி4-ஐ முன்னால் விடுவதா?

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் மாலைத் தமிழ் வகுப்புக்காகப் புதிதாக லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டுக் கொடுத்த கணினியில் இந்தக் கோளாறு வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் எல்லாப் பக்கமும் உடனே திறக்கும். டெர்மினலில் டபிள்யூகெட் (கோப்பை இறக்கும் கட்டளை) போட்டால் "கனெக்டிங்" என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கும்.

காரணம் இது: ரவுட்டர் ஐபிவி6 முகவரி (இணைய முகவரியில் புதிய முறை, பழையது ஐபிவி4) கொடுக்கிறது, ஆனால் வெளியே போக அதற்கு வழியில்லை. லினக்ஸ் வழக்கப்படி ஐபிவி6-ஐத்தான் முதலில் தட்டும். பதிலே வராத இணைப்பைக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கைவிட 2 நிமிடத்துக்கு மேலாகும். பிரவுசரோ கால் விநாடி பார்த்துவிட்டு ஐபிவி4-க்குத் தாவிவிடும், அதனால் அங்கே ஒன்றும் தெரிவதில்லை. அதே டபிள்யூகெட்டை -4 சேர்த்து ஓட்டுங்கள். சட்டென்று இறங்கினால் சிக்கல் இதுதான். கணினியில் எஃப்இ80 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரி (உள் வலைக்குள் மட்டும் செல்வது) மட்டும் இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

பலரும் சொல்லும் வழி, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் மூலம் ஐபிவி6-ஐ முழுவதும் முடக்குவது. இரண்டு வரி, வேலை முடிந்தது. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்புக்கு மட்டும் முடக்கலாம், அது கொஞ்சம் பக்குவமான வழி.

நான் தேர்ந்தெடுத்தது ஜிஏஐ.கான்ஃப், எந்த முகவரியை முதலில் முயல வேண்டும் என்று சொல்லும் கோப்பு. எட்சி அடைவில் உள்ள இந்தக் கோப்பில் தேவையான வரி ஏற்கெனவே இருக்கிறது, முன்னால் # போட்டு, அதாவது செயல்படாத நிலையில். "பிரிசிடன்ஸ்" (முன்னுரிமை) என்று தொடங்கி 10-இல் முடிவது ஒன்று, 100-இல் முடிவது ஒன்று. 100 உள்ள வரியின் # குறியை மட்டும் எடுத்துவிட்டால் ஐபிவி4 முதலில் போகும். ஐபிவி6 உயிரோடுதான் இருக்கும், வரிசை மட்டுமே மாறும்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்புதான். வகுப்புக் கணினியை அடுத்த வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியாது. முடக்கி வைத்தால், லைன் சரியான பிறகும் யாராவது நினைவு வைத்துத் திறக்க வேண்டும். ஐபிவி6 வழியாகப் பிரிண்டரைத் தேடும் நிரல் அன்று ஏன் தவிக்கிறது என்று புரியாமல் மறுபடி சிஸ்டம் போடுவார்கள். ஜிஏஐ மாற்றத்தை யாரும் திருப்ப வேண்டியதில்லை. ஐபிவி6 வராமலும் போகாது: ஆப்பிரிக்கா முழுமைக்கும் முகவரி பங்கிடும் ஆஃப்ரினிக் நம் எபேனில்தான் இருக்கிறது, அங்கே 2020 ஜனவரியிலேயே ஐபிவி4 கையிருப்பு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது.

ஒரு குறை உண்டு. ஜிலிப்சியை (லினக்ஸின் அடிப்படை நிரலகம்) கேட்டு முகவரி வாங்கும் நிரல்களுக்குத்தான் இந்தக் கோப்பு பொருந்தும். கோ மொழியில் எழுதியவை பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை, ஜிலிப்சி இல்லாத ஆல்பைன் லினக்ஸில் இதற்கு வேலையே இல்லை. அப்படிப்பட்டவை நிறைய ஓடும் சர்வரில் நான் இதை நெடுநாள் வைத்துப் பார்த்ததில்லை, அங்கே நெட்வொர்க் மேனேஜர் வழியையே முதலில் முயல்வேன்.