மலர் மருந்து: சொட்டா, சர்க்கரை உருண்டையா?

கோத்தகிரியில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்கு, அச்சம், கவலை போன்ற மனக்கலக்கங்களுக்காக எடுக்கும் மலர் மருந்து வாங்க முடிவு செய்தபோது, திரவமாக வாங்குவதா, ஹோமியோபதிக் கடைகளில் கிடைக்கும் சர்க்கரை உருண்டைகளாக வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. திரவத்தையே வாங்கினோம், மீண்டும் வாங்க நேர்ந்தாலும் அதையே வாங்குவேன்.

இரண்டிலும் உள்ள மருந்து ஒன்றுதான். இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் பாக் (1886–1936) வகுத்த 38 மருந்துகளில், ஊற்றுநீரால் ஆன ராக் வாட்டர் தவிர மற்றவை தாவரங்களிலிருந்து எடுக்கப்படுபவை. பூக்களை நீரிலிட்டு வெயிலில் வைத்தோ கொதிக்கவைத்தோ வடித்த நீரில் பிராந்தி சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். அந்தத் திரவத்தில் நனைத்து உலர்த்தியவையே உருண்டைகள். பிள்ளைகள் உருண்டையை விரும்பிக் கேட்பார்கள் என்பதையும், பயணத்தில் அது சிந்தாது என்பதையும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் முடிவைத் தீர்மானிப்பது ஈரம். தென்மேற்குப் பருவத்தின் தூறல் ஓய்ந்து சிறிது வெயில் காண்பதற்குள் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிடுகிறது. இடைப்பட்ட நாட்களிலும் பனிமூட்டம் சன்னல் வழியே வீட்டுக்குள் நுழைந்து, உப்புச் சாடியை நீர்க்கச் செய்து, தீப்பெட்டியை நமுத்துப்போகச் செய்கிறது. சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், நாளுக்கு நான்கு முறை பலர் கைபட்டுத் திறக்கும் குப்பியில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. பிறகு நான்கு உருண்டை என்று எண்ணி எடுப்பது எப்படி? பிராந்தி சேர்ந்த மூலத் திரவத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். கோயம்புத்தூர் போன்ற வறண்ட ஊரில் நான் உருண்டைகளை வைத்துப் பார்த்ததில்லை. அங்கே இக்குறை பெரிதாகத் தெரியாமலும் போகலாம்.

பராமரிப்பு வேண்டியது கலந்து வைக்கும் குப்பிக்குத்தான். 30 மில்லி குப்பியில் கொதித்து ஆறிய நீரை ஊற்றி, தேவையான ஒவ்வொரு மருந்திலும் இரண்டு சொட்டு விட்டு, அதிலிருந்து வேளைக்கு நான்கு சொட்டாக நாளுக்கு நான்கு முறை எடுப்பது வழக்கம். சொட்டுக்குழாய் நாக்கில் பட்டால் நீர் விரைவில் கெடும் என்பதால், கரண்டியில் விட்டே கொடுக்கிறோம். மலைக் குளிரில் இரண்டு மூன்று வாரம் தாங்குகிறது, கலங்கினால் கொட்டிவிடுகிறோம். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று கொண்டால், 10 மில்லி மூலக் குப்பி ஏறத்தாழ நூறு கலவைகளுக்கு வரும். தேர்வைக் கண்டு அஞ்சும் மகளுக்கு மிமுலஸும் லார்ச்சும், இரவில் மலைப்பாதையேறி வரும் மகனை நினைத்துத் தவிக்கும் மாமியாருக்கு ரெட் செஸ்ட்நட்டும் என்று ஆளுக்கேற்பக் கலக்க முடிவது உருண்டையில் கிட்டாத வசதி.

ஊட்டிப் பக்கம் மஞ்சளாகப் பூக்கும் முட்புதரான கோர்ஸ், பாக்கின் பட்டியலில் உள்ள செடிதான். அதைப் பறித்து வீட்டிலேயே மருந்து செய்யலாமே என்பார்கள். அதைப் போலவே மஞ்சளாகப் பூக்கும், நச்சுத்தன்மையுள்ள ஸ்காட்ச் புரூமும் இதே மலையில் வளர்வதால், அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

பிராந்தி வாசனையை மாமியார் முதலில் ஏற்கவில்லை. கலவையில் அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று காட்டிய பிறகு சம்மதித்தார். ஆனால் குடியை நிறுத்த மாத்திரை எடுப்பவரோ, மதுவைத் துளியும் தொடக்கூடாதவரோ வீட்டில் இருந்தால், தயங்காமல் உருண்டையையோ கிளிசரினில் தயாரித்த சொட்டையோ வாங்குங்கள். நான்கு உருண்டைச் சர்க்கரை நீரிழிவுக்காரரை என்ன செய்யும் என்ற கவலை மிகையானது.

பலன் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மருந்து சேராத வெற்றுச் சொட்டுகளைவிட இவை மேலாகச் செயல்படுவதற்குச் சான்றில்லை என்கிறார்கள். எங்கள் வீட்டில் மனம் அமைதியடைந்ததற்குச் சொட்டு காரணமா, வேளைதவறாமல் ஒருவரையொருவர் விசாரித்தது காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆகவே காய்ச்சல், மூச்சுத்திணறல், வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இரண்டு வடிவத்தையும் நம்பியிராமல் மருத்துவரிடமே செல்கிறோம். அவர் எழுதித் தந்த மாத்திரையை மலர் மருந்துக்காக நிறுத்துவதுமில்லை.