அம்மையிடம் மார்க் கேட்டு வந்த இரண்டு சர்வே, நான் போடும் மார்க்

மிக்சிக்கு ரிவ்யூ எழுதுகிறோம், பரோட்டாக் கடைக்கு எழுதுகிறோம். வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து "உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஒன்றரை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு அப்படி இரண்டு டீம் வந்தாயிற்று. இரண்டு பேரும் கேட்டது ஒரே விஷயம்தான்: கூலி வேலை பார்க்கிற, பார்த்து ஓய்ந்த, தனியாக இருக்கும் வயதான பெண்கள் எப்படி இருக்கிறார்கள், மனசு எப்படி இருக்கிறது, ஒரு நாள் எப்படிப் போகிறது. யார் நடத்தியது என்று பெயர் போடப் போவதில்லை. வந்த பிள்ளைகளை மாட்டிவிடுவது நோக்கமில்லை.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் பக்கம். அம்மைக்கு 67 வயது. 31 வருஷம் அண்டி ஆபீஸில் இருந்தவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். வறுத்த கொட்டையை மரக்கொட்டாப்புளியால் தட்டி உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொசுக்கி, தோலைக் கறுப்பாக்கி, உரித்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அம்மை வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது, பெருவிரல் நகத்தைச் சுற்றி அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை. கூலி கிலோக் கணக்கு. எத்தனை கிலோவோ அவ்வளவு காசு. இது பிறகு தேவைப்படும். நான் திருவனந்தபுரத்தில் வேலை, சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். எல்லாச் சனியும் என்று சொன்னால் அம்மை சிரிப்பாள்.

முதல் டீம் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. நான் அன்றைக்கு லீவில் இருந்தேன். வந்தது ஒரே ஒரு பையன், கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. வேறு மாவட்டத்துப் பையன், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான், சட்டை முழுக்க வேர்வை. தண்ணீர் கேட்டுக் குடித்தான், அப்புறம் நேராக ஆரம்பித்துவிட்டான். நேரமே தப்பு என்பது அப்போது எனக்கும் உறைக்கவில்லை. வியாழன் பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் யார் இருப்பார்கள்? இன்னும் வேலைக்குப் போகிறவர்கள் ஏழரைக்கெல்லாம் வண்டி ஏறியிருப்பார்கள். வீட்டில் இருப்பது எங்கள் அம்மை மாதிரி ஓய்ந்தவர்களும், உடம்பு முடியாதவர்களும்தான். அந்த வாரம் முழுக்க இதே நேரத்தில்தான் வீடு வீடாகப் போனார்களாம். எங்கள் ஊரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பார்களோ.

முதலில் சம்மதப் படிவம். அதை அவன் வாசித்த வேகத்துக்கு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு தேவலை. "பங்கேற்பு தன்னார்வமானது, எந்நேரமும் விலகிக்கொள்ளலாம், தரவுகள் இரகசியமாக வைக்கப்படும்" என்று ஒரே மூச்சு. அம்மைக்கு அதில் விளங்கியது கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும். டேப்லெட்டோடு ஒருத்தர் வந்தால் அது உதவித்தொகை சம்பந்தமாகத்தான் இருக்கும் என்பது அவள் கணக்கு. எழுந்து போய் ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். 1,200 ரூபாய் பென்ஷன் நின்றுவிடக் கூடாதே என்ற பயம் ஒருத்திக்கு இருக்கும்போது, அவள் சொல்லும் பதிலில் எது நிஜம் என்று எப்படிப் பிரிப்பது? அந்தக் கார்டுகளைப் பார்த்ததுமே "இது வேண்டாம் பாட்டி, இதுக்கும் பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017-ல் ஒரு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. வறுமையில் இருப்பவர்கள், முதியவர்கள், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், புரிகிற மொழியில் விளக்க வேண்டும், வாசிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத, எழுத்தறிந்த ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் இது, என் அம்மையும் ஏழாவது வரை படித்தவள். அவளுக்கே இப்படி.

அப்புறம் ஏணிக் கேள்வி. "ஒரு ஏணியை நினைச்சுக்குங்க, உச்சிப்படி பத்து, அதுதான் ரொம்ப நல்ல வாழ்க்கை, அடியில பூஜ்யம், நீங்க இப்ப எந்தப் படியில நிக்கிறீங்க?" அம்மை அவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏணியா? முட்டு நோவு வந்த பிற்பாடு நான் ஏணியில ஏறதே இல்ல மக்ளே." பையன் சிரிக்கவில்லை, மறுபடி அதே வாக்கியத்தை வாசித்தான். அம்மை பாவம், பையன் மனசு நோகக் கூடாதென்று "எட்டு போட்டுக்க" என்றாள். இது ஹேட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்கர் 1965-ல் எழுதிய புத்தகத்தோடு பரவிய கேள்வி. வருஷாவருஷம் உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று வந்து பேப்பரில் எந்த நாடு எத்தனையாவது இடம் என்று போடுகிறார்களே, அந்த வரிசையே இந்த ஒரு ஏணியில்தான் நிற்கிறது. கேள்வி மோசம் என்று நான் சொல்லவில்லை. முட்டு நோவுக்காரியிடம் கேட்கும்போது ஏணியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது சொல்லிக் கேட்கலாமே என்கிறேன்.

அடுத்து ஐந்து கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. உற்சாகமாக இருந்தீர்களா, அமைதியாக இருந்தீர்களா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, தூங்கி எழும்போது தெளிவாக இருந்ததா, அன்றாடத்தில் பிடித்தமான விஷயங்கள் இருந்தனவா. உலக சுகாதார அமைப்பின் பெயரில் வழங்கும் நலக் குறியீடு இது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டி நாலால் பெருக்கினால் நூறுக்கு மார்க். அம்மை சுறுசுறுப்புக்கு 5 கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள், சுறுசுறுப்பு இல்லையென்றால் கூலி இல்லை என்று 31 வருஷம் பழகியவளிடம் சுறுசுறுப்பு உண்டா என்றால் இல்லை என்று சொல்வாளா? தூங்கி எழுவதற்கும் 5, "நாலு மணிக்கெல்லாம் எழும்பிருவேன்" என்று பெருமையாக. தூக்கம் வராமல்தான் நாலு மணிக்கு எழும்புகிறாள் என்பது வேறு கதை. நான் பக்கத்திலிருந்து மனக்கணக்குப் போட்டேன், மொத்தம் 22, நாலால் பெருக்கினால் 88. அந்த வாரம் மூன்று நாள் முட்டு வலியில் முக்குக் கடைக்குக்கூடப் போகாதவள் 88 மார்க்.

நடுவில் ஒரு தடவை நிஜமான பதில் வந்தது. "சாயங்காலமானா மனசுக்கு ஒரு வெப்பிராளம்" என்றாள். எங்கள் ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், நெஞ்சுக்குள் என்னவோ பதறுகிற மாதிரி, இருப்புக் கொள்ளாத மாதிரி, துக்கமும் பயமும் கலந்த ஒன்று அது. பையன் "வெப்பம்னா காய்ச்சலா பாட்டி?" என்று கேட்டான். அம்மை ஒரு நொடி யோசித்துவிட்டு "இல்ல, காய்ச்சல் ஒண்ணும் இல்ல" என்றாள். இல்லை என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். முழு சர்வேயிலும் ஒரே ஒரு தடவை திறந்த கதவு அது.

கடைசியாக, "வீட்டில் உங்களை யாராவது மதிக்காமல் நடத்துகிறார்களா, மகன் சரியாகக் கவனிக்கிறாரா?" நான் அப்போது கட்டஞ்சாயா டம்ளரோடு அம்மைக்குப் பின்னால் நிற்கிறேன். எதிர் வீட்டு மாமி வேறு படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "என் பிள்ள நல்லா பாத்துக்கிடுவான்" என்று அம்மை சத்தமாகச் சொன்னாள், மாமிக்கும் சேர்த்து. பத்தொன்பது நிமிஷத்தில் முடிந்தது. நான் கொடுத்த சாயாவைக் குடிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை, இன்னும் எட்டு வீடு இருக்கிறது என்றான். ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலியாம், பாதியில் விட்ட ஃபாரம் செல்லாதாம்.

அந்த ஆய்வின் முடிவு என்ன ஆனது என்று இன்றுவரை எங்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை.

எண்ணே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2017-18-ல் நாடு முழுக்க 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் லாசி என்ற முதுமை ஆய்வு நடத்தினார்கள். அத்தனை பேரிடமும் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருக்க முடியாது, சரி. ஆனால் ஒரு எண்ணை எடுக்கிற விதத்திலேயே அது கெட்டுப்போனால், எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் சரியாகாது.

இரண்டாவது டீம் ஒரு வருஷம் கழித்து வந்தது. இரண்டு பெண்கள், ஒருத்தி தக்கலைப் பக்கத்துக்காரி. முதல் நாள் எதுவும் கேட்கவில்லை, யார், எதற்கு, பென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேண்டாமென்றால் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு பக்கத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு கோயில் முடிந்து சாப்பாடும் ஆன பிறகு வந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஞாயிறாம். வந்ததும் தக்கலைக்காரி என்னிடம், "அண்ணா, ஒரு மணிக்கூர் வெளிய போயிட்டு வரலாமா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. முக்குக் கடையில் இரண்டு சாயாவும் ஒரு பழம்பொரியும் முடிந்து திரும்பி வந்தால் இன்னும் பேச்சு ஓடுகிறது. மறுபடி போனேன். மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிஷம். இது ஒரு குறைதான், முட்டு நோவுக்காரியை நடுவில் ஒரு தடவை எழுந்து நடக்க விட்டிருக்க வேண்டும்.

கேட்டது என்னவென்று அம்மையே பிறகு சொன்னாள். "நேத்து எழும்பினதுல இருந்து படுக்கது வர என்னெல்லாம் செய்தீங்கன்னு கேட்டா. ஒவ்வொண்ணு செய்யும்போதும் யாரு கூட இருந்தா, மனசு எப்படி இருந்துன்னு கேட்டா." அவ்வளவுதான். தேடிப் பார்த்தேன், டேனியல் கானமன் என்ற உளவியலாளரின் குழு 2004-ல் சயன்ஸ் இதழில் எழுதிய முறையின் சாயல் இது. அவர்கள் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வாழ்க்கைக்கு எத்தனை மார்க் என்றால் அம்மை அக்கம்பக்கத்தை நினைத்துச் சொல்வாள். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்தாய் என்றால் நடந்ததைத்தான் சொல்வாள்.

மூன்று மாதத்தில் முடிவைச் சொல்கிறோம் என்றவர்கள் எட்டு மாதம் கழித்து வந்தார்கள், அதற்கு அரை மார்க் வெட்டு. ஆனால் வந்தார்கள். ஊர்ப் படிப்பகத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, ஆறு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை வாசித்தார்கள். வேலைத்தலத்தில் எழுந்து போவதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பழக்கம் வேலையை விட்டும் போகவில்லை என்று பலர் சொன்னது வந்தது, பெண்கள் தலையாட்டினார்கள். வெப்பிராளம் என்ற சொல்லை அப்படியே போட்டு விளக்கியிருந்தார்கள். அப்புறம் இந்த வரி: "மகன் போன் பண்ணினா டிவி சத்தத்தக் கூட்டி வைப்பேன், வீட்டுல ஆள் இருக்கது மாதிரி அவனுக்குத் தோணணும்." கீழே, முன்னாள் முந்திரித் தொழிலாளி, 67 வயது, மகன் திருவனந்தபுரத்தில்.

பெயர் இல்லை. எதற்குப் பெயர்? எங்கள் தெருவில் அந்த மூன்றும் பொருந்துகிற ஆள் ஒருத்திதான், மொத்த படிப்பகமும் திரும்பி அம்மையைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். ரகசியம் காப்போம் என்கிறவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும், சின்ன ஊரில் வயதும் வேலையும் சேர்ந்தாலே அது பெயர்தான். கூட்டம் முடிந்து தக்கலைக்காரியிடம் சொன்னேன். மறுப்புச் சொல்லாமல் குறித்துக்கொண்டாள், அச்சில் வந்ததில் "அறுபதுகளில் இருப்பவர், மகன் வெளியூரில்" என்று மாற்றியிருந்தார்கள். நான் போய்ச் சொன்னதுதான் அம்மைக்கு வருத்தம். "நான் சொன்னதுதானே, பேரையே போட்டா என்ன?" என்று அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். டிவி பற்றி நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது டீமுக்கு ஐந்துக்கு மூன்றரை. முட்டுக்கும் தாமதத்துக்கும் அரை அரை, அந்த அடையாள வரிக்கு இன்னொரு அரை.

முதல் டீமுக்கு ஒன்று. அவர்களுடைய ஆபீஸிலிருந்து பத்து நாள் கழித்து அம்மைக்கு ஒரு போன் வந்தது, பையன் நிஜமாகவே வந்தானா என்று சரிபார்க்க. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். எங்கள் பணியாளர் வந்தாரா? வந்தாரு. எல்லாக் கேள்வியும் கேட்டாரா? கேட்டாரு. எவ்வளவு நேரம் பேசினார்? "ஒரு மணிக்கூருக்கு மேல இருக்கும்" என்றாள் அம்மை, கண்ணை இமைக்காமல்.

போனை வைத்ததும் என்னம்மா என்றேன். "பத்தொம்பது நிமிசம்னா கூலிய வெட்டிருவாங்க மக்ளே, வெயில்ல வந்த பையன்."