எந்தச் சொகுசுக் கப்பலில் போகலாம்: குவீன் மேரி 2-ஆ, ஐகான் ஆஃப் தி சீஸா?

பாதை: மேரி (2004) சவுத்தாம்ப்டன்–நியூயார்க், பெரும்பாலும் 7 இரவு, வழியெல்லாம் கடல்தான். ஐகான் (2024) மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு.

வசதி: மேரியில் பெரிய நூலகம், கோளரங்கம், நாய் பூனைக்குக்கூடத் தனிக் கூண்டுகள். ஐகானில் 7 நீச்சல்குளம், 6 நீர்ச்சறுக்கு. பிள்ளைகள் அறைப்பக்கமே வரமாட்டார்கள்.

சாப்பாடு: மேரியில் எந்த அறை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் உணவகம். பெரும்பாலானோருக்குப் பிரிட்டானியா உணவகம், விலை கூடிய சொகுசு அறைகளில் தங்குவோருக்குக் கிரில் உணவகங்கள். கொஞ்சம் பழைய பிரபுத்தனம்தான். ஆனால் மாலைத் தேநீர் எல்லோருக்கும் உண்டு: வெள்ளைக் கையுறைப் பணியாளர்கள், ஸ்கோன் என்ற சிறு கேக், சாண்ட்விச். சில இரவுகளில் கோட்டு சூட்டு வேண்டும். ஐகானில் சாப்பிட 20-க்கும் மேற்பட்ட இடங்கள். சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம்.

குழந்தைகளோடு என்றால் ஐகான். அப்பா அம்மாவை அழைத்துப் போனால், யோசிக்காமல் மேரி.