யூஎஸ்பி டியூனரோடு நான்கு வருடம்: கேபிள் சிக்னலின் பூட்டை வெளியிலிருந்து பார்த்த அனுபவம்

எல்லாம் அம்மாவின் சீரியலில்தான் ஆரம்பித்தது. ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திருவான்மியூர் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் கட்டணச் சேனல் ஒன்றும் வரவில்லை. பணம் கட்டியிருந்தோம். கேபிள்காரருக்குப் போன் போட்டேன். "தம்பி, பாக்ஸை ஆஃப் பண்ணாம ஏதாவது ஒரு சேனல்ல வச்சு அரை மணி நேரம் விடுங்க. கார்டு தானா எடுத்துக்கும்" என்றார். அப்படியே நடந்தது. பாக்ஸுக்குள் இருக்கும் அந்த ஸ்மார்ட் கார்டு எதை எடுத்துக்கொண்டது? எங்கிருந்து?

அந்தக் கேள்விதான் 2021இல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யூஎஸ்பி டியூனரை வாங்க வைத்தது. கேபிள், சாட்டிலைட் இரண்டு சிக்னலையும் வாங்கி, அப்படியே கம்ப்யூட்டருக்குத் தரும். அந்தச் சிக்னலைப் பிரித்துக் காட்டும் டிஎஸ்டக் என்ற இலவச மென்பொருளை லினக்ஸில் ஏற்றிக்கொண்டேன். கேபிள்காரரிடம் சொல்லிவிட்டு, வீட்டு லைனில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு இழுத்தேன். ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 3.5 டெசிபல் போய்விடும். லைன் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் டிவியில் கட்டம் கட்டமாக உடையும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு கட்டாமல் சேனல் பார்க்க நினைத்து இதை வாங்காதீர்கள். கட்டணச் சேனலுக்குப் போட்ட பூட்டை இது திறக்காது, திறக்கவும் கூடாது. தெருத்தெருவாக மழையில் கம்பம் ஏறுகிறவரின் பிழைப்பு அது. ஆனால் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, அதைத் திறக்கவே தேவையில்லை. வெளியில் தெரிவதே அவ்வளவு இருக்கிறது.

பல சேனல்கள் சேர்ந்து வரும் ஒரு அதிர்வெண்ணை 1 நிமிடம் பதிவு செய்தால் 280 எம்பிக்கு மேல் வரும். அதைத் திறந்தால் 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் ஹெக்ஸில் (0 முதல் 9, அதற்குமேல் ஏ முதல் எஃப் வரை எழுதும் எண்முறை) 47 என்று தொடங்கும். நான் உட்கார்ந்து பார்ப்பது நான்காவது பைட்டை. இலவசச் சேனலின் படம் வரும் பொட்டலங்களில் அது பெரும்பாலும் 1 என்ற எழுத்தில் தொடங்கும். கட்டணச் சேனலில் 9 அல்லது டி. அந்த பைட்டின் முதல் இரண்டு பிட்தான் பூட்டு போட்டிருக்கிறதா, எந்தச் சாவியால் என்று சொல்கிறது: மாறி மாறி வரும் இரண்டு சாவிகளில் 9 என்றால் இரட்டைப்படைச் சாவி, டி என்றால் ஒற்றைப்படைச் சாவி. முதல்முறை பார்த்தபோது 9, 9, 9 என்று ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று டி ஆனது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். சுமார் 10 விநாடி கழித்து மறுபடி 9. ஒரு சாவி ஓடும்போதே அடுத்த சாவி தயாராகிவிடும். அதனால்தான் படம் துளியும் தடுமாறுவதில்லை. அன்று இரவு இரண்டு மணி வரை இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சாவிகளும் அதே கேபிளில்தான் வருகின்றன, ஆனால் இன்னொரு பூட்டுக்குள். இசிஎம் என்ற செய்திகள் சாவியைச் சுமந்து வரும். இஎம்எம் என்ற செய்திகள் "இந்தக் கார்டுக்கு இந்தச் சேனல்கள்" என்ற அனுமதியைச் சுமந்து வரும். இஎம்எம்கள் ஊரிலுள்ள எல்லாப் பாக்ஸுக்கும் பொதுவாகச் சுற்றிச் சுற்றி அனுப்பப்படும். ரொம்ப நாள் அணைத்து வைத்த பாக்ஸ் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கேபிள்காரரின் அரை மணி நேரக் கணக்கு இதுதான். அடுத்த தடவை அவர் வந்தபோது திரையில் காட்டினேன். "இத்தனை வருஷமா சொல்றேன், இப்பதான் கண்ணால பாக்கறேன்" என்றார். மனுஷன் டீயை ஆறவிட்டுவிட்டுப் பார்த்தார்.

சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய உறவு உண்டு. நாட்டிலேயே முதலில், 2003 செப்டம்பரில், கட்டணச் சேனலுக்குப் பாக்ஸ் கட்டாயம் என்ற சிஏஎஸ் முறை வந்தது இங்கேதான். அப்பா பாக்ஸ் வாங்க மறுத்துவிட்டார். இலவசச் சேனல்களே எங்களுக்குப் போதுமென்றார். பூட்டு என்ற ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

சரி, கருவியின் குறைகள். கத்திரி வெயிலில் கொதிக்கிறது. மே மாதம் மதியம் பதிவு செய்தால் பொட்டலங்கள் விடுபடுகின்றன. பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் வைத்த பிறகுதான் சரியானது. லினக்ஸ் கெர்னலைப் புதுப்பித்தபோது இரண்டு முறை டிரைவர் வேலை செய்யாமல் போனது. தயாரித்த நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை. இதைப் பெரிய குறையாகவே சொல்வேன். இப்போது இதற்கென்று ஒரு பழைய லேப்டாப்பை ஒதுக்கி, அதில் எதையும் புதுப்பிக்காமல் வைத்திருக்கிறேன்.

புதிதாகக் கற்க வருகிறவர்கள் கேபிளில் தொடங்க வேண்டாம், தூர்தர்ஷனின் இலவச சாட்டிலைட் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் தொடங்குங்கள். மாதக் கட்டணம் இல்லை, பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டும் இல்லை. எதைப் பிரித்துப் பார்த்தாலும் படமாகவே வரும். அதை அனுப்பும் ஜிசாட்-15 சாட்டிலைட் இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். சென்னை மொட்டை மாடியில் நின்றால் தென்கிழக்கே, கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில். டிஷ்ஷை நானே திருப்பி சிக்னல் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. கேபிள் பாக்ஸைக் கழற்றிப் பார்க்க ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், அது பல வீடுகளில் கேபிள் நிறுவனத்தின் சொத்து. சொந்தமாக வாங்கிய ஃப்ரீ டிஷ் பாக்ஸைக் கழற்றலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளை கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் அடங்கும்வரை கை வைக்காதீர்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரின் செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பிடித்துவிடுகிறது. டியூனர் கெட்டுப்போச்சு என்று நான் இரண்டு வாரம் அலைந்தது அதனால்தான். இப்போதெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக்குப் போய், முனையை ஒரு விரல் நீளம் வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றிவிட்டு வருகிறேன். இந்த வருடத்துக்கானது இன்னும் பாக்கி.