வாரண்டி முடிந்த கார்: எந்த வேலை கம்பெனி சர்வீஸில், எது மெக்கானிக் ஷெட்டில், எது உங்கள் கையில்?

வாரண்டி முடிந்ததும் கார் வைத்திருப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், இனியும் கம்பெனி சர்வீஸிலேயே விடுவதா அல்லது தெரிந்த மெக்கானிக்கிடம் மாறிவிடுவதா என்பது. மொத்தக் காருக்கும் ஒரே பதிலைத் தேடுவதில்தான் சிக்கல். ஆயிலுக்கு ஒரு கணக்கு, சஸ்பென்ஷனுக்கு இன்னொரு கணக்கு, கியர்பாக்ஸுக்கு வேறொரு கணக்கு. வேலைவாரியாகப் பிரித்துவிட்டால் செலவும் குறையும், இன்ஜினும் பிழைக்கும். இந்தப் போட்டியில் பலரும் கணக்கில் சேர்க்காத மூன்றாவது ஆள், காரை ஓட்டுபவர். பெரிய பில்களில் பலவற்றைத் தடுத்திருக்கக்கூடியவரும் அவர்தான்.

வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு குறிப்பு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யும் வழக்கத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் கண்டித்தது. 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனது. நடைமுறையில், வாரண்டி உள்ளவரை அட்டவணைப்படியான சர்வீஸைக் கம்பெனியிலேயே முடித்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இன்ஜின் கிளெய்மில் வாதாடுவதைவிட அது மலிவு.

வீட்டு வாசலில் பத்து நிமிடம்

பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு சர்வீஸ் இடைவெளி 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு. கூலன்ட் ஹோஸ் கசியத் தொடங்குவதும் ஆயில் குறைவதும் அந்தத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களில் போனட்டையே திறக்காவிட்டால், கம்பெனி, ஷெட் இரண்டுமே தாமதம்தான்.

முதலில் கூலன்ட். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதாமாதம் இறங்கினால் எங்கோ கசிகிறது: ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில் போர்வெல் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பதுதான் நம் ஊரில் இன்ஜின்களைக் கொல்லும் பழக்கம். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது. கூலன்டில் உள்ள துருத்தடுப்பு மருந்தையும் நீர்த்துப்போகச் செய்கிறது. சூடு ஏறினால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைகிறது, அதற்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போகிறது, கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, அதன் பரப்பைச் சமப்படுத்தும் ஃபேசிங் செய்து, கேஸ்கெட், போல்ட், ஆயில், கூலன்ட் எல்லாம் மாற்றினால் சிறிய காருக்கே பல ஆயிரங்கள் போகும்.

கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி கலக்க வேண்டும். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். பச்சை, சிவப்பு என்று நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், கையேட்டில் உள்ள வகையைப் பாருங்கள். ஓடும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரத்துக்காவது ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டுவதில்தான் ஹெட் போகிறது.

அடுத்து ஆயில். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்கும். டர்போ உள்ள இன்ஜினில் முதலில் அடிபடுவது டர்போ பேரிங். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு, கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

ஆனால் பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வருவதால் மட்டம் தானாகவே இறங்கும். அது பேடைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. பேட் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். தள்ளிப்போட்டால் பேடின் பின்பக்க இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறும், பேட் விலையோடு டிஸ்க் விலையும் சேரும். பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் கசிவு, காரை எடுக்காதீர்கள்.

ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், வைப்பர் பிளேடு மூன்றையும் நீங்களே மாற்றலாம். பல கார்களில் கேபின் ஃபில்டர் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். காற்றோட்ட அம்புக்குறியை மட்டும் கவனியுங்கள். ஆயில் மாற்றத்தை வீட்டில் செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. டிரெயின் போல்ட்டை அதிகமாக இறுக்கினால் ஆயில் தங்கும் அலுமினியத் தொட்டியான சம்ப்பின் மரை போய்விடும்.

ஆயில் சர்வீஸ்: இடத்தைவிட கிரேடு

கம்பெனி சர்வீஸுக்கு உண்மையான பலம் இங்கேதான். உங்கள் மாடலுக்கான கிரேடு, அதாவது ஆயிலின் அடர்த்தியும் தரமும், அங்கே சரியாக இருக்கும். பல ஷெட்களில் எல்லா வண்டிக்கும் ஒரே பேரலிலிருந்து 15டபிள்யூ-40 ஊற்றுகிறார்கள். கையேடு அனுமதித்தால் பழைய இன்ஜினுக்குத் தவறில்லை. 0டபிள்யூ-20 கேட்கும் மாருதி கே சீரிஸ் போன்ற இன்ஜினில் அதையே ஊற்றினால் மைலேஜ் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வால்வு டைமிங்கை மாற்றும் பாகங்களும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் என்றால் இன்னும் கவனம். அதன் புகைக்குழாயில் துகள் வடிகட்டி உண்டு. சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் அது தாங்கும். ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தில் சி2 அல்லது சி3 என்று டப்பாவில் இருக்கும், எது என்பது கையேட்டில். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியில் தங்கிவிடும். கரியைப் போல அது எரிந்து போகாது. வடிகட்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஆயிலில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய் ஒன்றுமே இல்லை.

அதற்காக ஷெட்டை ஒதுக்க வேண்டியதில்லை. கிரேடு பார்த்து ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சிறிய பெட்ரோல் இன்ஜினுக்கு 3 முதல் 4 லிட்டர் போதும். ஃபில்டரும் ஒரிஜினலாக வாங்குங்கள். பல ஃபில்டர்களில் இன்ஜின் அணைந்த பிறகு ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உண்டு. டூப்ளிகேட்டில் அது இருக்காது, அல்லது சீக்கிரம் இறுகிவிடும். காலை ஸ்டார்ட்டில் சில விநாடி கடகடவென்று கேட்டால் முதலில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோ ஆகியவற்றில் வந்த 1.3 லிட்டர் டீசலில் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் டைமிங் செயின் நீளும். பல் தாவினால் வால்வுகள் வளையும்.

கம்பெனியின் பலவீனம் கூடுதல் வேலைகள். இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங் என்று ஜாப் கார்டில் வரி கூடிக்கொண்டே போகும். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் என்ன கோளாறு பார்த்து எழுதினார் என்று அட்வைசரிடம் கேளுங்கள். பதில் இல்லாத வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கம்பெனிக்கே விட வேண்டியவை

சிவிடி, டூயல் கிளட்ச் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களின் வேலை, ஏர்பேக், சாவி கோடிங், கேமரா உதவி உள்ள கார்களில் முன்கண்ணாடி மாற்றம். சிவிடிக்கு அதற்கென்றே உள்ள ஆயில் வேண்டும். பல மாடல்களில் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலை பார்த்துத்தான் மட்டம் வைக்க முடியும். தயாரிப்புக் குறைக்காக நிறுவனமே காரைத் திரும்ப அழைக்கும் ரீகால் வேலை, வாரண்டி முடிந்தாலும் இலவசம். சேஸிஸ் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

ஷெட் வெல்லும் இடம்

ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், சஸ்பென்ஷன், ஏசி கசிவு. கம்பெனியில் பெரும்பாலும் அசெம்பிளியாக மாற்றுவார்கள். நல்ல ஷெட்டில் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் மட்டும் போட்டு ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுவார்கள். லோயர் ஆர்மில் புஷ் மட்டும் போதுமென்றால் அதை மட்டும் மாற்றுவார்கள். பாகங்களிலும் லாபம் உண்டு. சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்றவை கார் கம்பெனிகளுக்கே பாகம் கொடுப்பவை. தங்கள் பெயர் போட்ட டப்பாவிலும் விற்கின்றன. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் தராத கடை என்றால் வேண்டாம். புதுப்பேட்டையின் பழைய பாகங்களில் கதவு, கண்ணாடி, விளக்கு எடுக்கலாம். பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், ஏர்பேக் எடுக்கவே கூடாது.

ஷெட்டைத் தேர்வு செய்யும்போது நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, ஸ்கேனர் இருக்கிறதா, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே காட்டுகிறார்களா என்று பாருங்கள். வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டுமே இறுக்கும் ஷெட்டில் பிரேக் வேலையும் கொடுக்காதீர்கள்.

சில இன்ஜின்களில் செயினுக்குப் பதிலாக வரும் டைமிங் பெல்ட்டுக்கு, மாற்றும்போது இன்ஜின் நகராமல் பிடிக்கும் அந்த மாடலுக்கான லாக்கிங் டூல் வைத்திருப்பவரே ஆள், கம்பெனியோ ஷெட்டோ. டஸ்டர், டெரானோவின் 1.5 டீசலில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். கி.மீ. ஆகாவிட்டாலும் கையேட்டின் ஆண்டுக் கணக்கு முடிந்தால் முடிந்ததுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்குப் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

இரண்டு இடத்திலும் விட்டுப்போகும் வேலை

பிரேக் ஆயில் மாற்றம். கம்பெனியில் மட்டம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது உண்டு, ஷெட்டில் பேச்சே எழாது. காற்றின் ஈரத்தை பிரேக் ஆயில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போது அது ஆவியானால் பெடல் தரையைத் தொடும். உள்ளே துருவேறினால் ஏபிஎஸ் யூனிட்டும் போகும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து, "டாப் அப் வேண்டாம், முழுதாக மாற்றி நான்கு சக்கரத்திலும் பிளீடிங்" (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். ஒரு லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும். டப்பாவை உங்கள் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள்; திறந்து கிடந்த டப்பாவில் ஏற்கனவே ஈரம் இருக்கும்.